பாட்டி இல்லாத ஊர்

ஓர் ஊர் என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? நாலு தெரு, ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ். அப்புறம் ஒரு திண்ணை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம், "யாரடா அது, மேலத் தெரு கோமதியின் பேரனா? முகம் வாடியிருக்கே, சாப்பிட்டாயோ?" என்று விசாரிக்க ஒரு பாட்டி. மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். பாட்டி இல்லாமல் ஓர் ஊர் நடக்குமா என்றுதானே கேட்கிறீர்கள்?

நடக்கிறது! அந்த ஊருக்குத்தான் உங்களை இந்த வாரம் அழைத்துப் போகிறேன். கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு எடுத்துப் போகிற ஸ்வெட்டர் காணாது. அந்த மாதிரி நாலு வேண்டும்.

ஊரின் பெயர் லாங்யியர்பியென். வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். லாங்யியர் என்பவர் 1906-ல் இங்கே நிலக்கரி வெட்ட வந்த அமெரிக்க முதலாளி. 'பியென்' என்றால் நார்வே பாஷையில் பட்டணம். லாங்யியர் பட்டணம், அவ்வளவுதான். நம்முடைய ஜார்ஜ் டவுன் மாதிரி.

குழந்தைகளின் பூகோளப் படத்தை விரித்து நார்வே நாட்டின் வட முனையைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கடலைத் தாண்டி இன்னும் மேலே விரலை நகர்த்துங்கள். படம் முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று பயம் வரும் இடத்தில், சிதறிய அப்பளம் போலச் சில தீவுகள் தெரியும். அவைதான் ஸ்வால்பார்ட். பரப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. ஜனத்தொகையோ மூவாயிரம்கூட இல்லை. நம் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள்! அதில் பெரும்பாலோர் இந்த ஒரே பட்டணத்தில் இருக்கிறார்கள். ஆஸ்லோவிலிருந்து ஆகாய விமானத்தில் மூன்று மணி நேரம்.

ஸ்வால்பார்டுக்குப் போக விசா வேண்டாம். எந்த நாட்டவரும் வரலாம், வேலை பார்க்கலாம், தங்கலாம். 1920-ல் பாரிஸ் நகரத்தில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் பலன் இது. அப்போது இந்தியாவுக்காகப் பிரிட்டிஷார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கும் எனக்கும்கூட அந்தப் பனிக்கட்டியில் உரிமை உண்டு. ஆனால் போகிற வழியில் நார்வே இருக்கிறதே, அதற்கு விசா வேண்டும். இந்தக் கஷ்டத்தை ஒப்பந்தம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

மரம் என்று ஒன்றுகூட அங்கே கிடையாது. பூனை வளர்க்கக் கூடாது, பறவைகளைப் பிடித்துவிடுமாம். பூமிக்கு அடியில் மண் வருஷம் முழுவதும் உறைந்தே கிடப்பதால் வீடுகளையெல்லாம் கட்டைக் கால்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நம் கொலுப்படி பொம்மை வீடுகளைப் போல வர்ணம் வேறு.

இனி பாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஊரில் யாரும் பிறப்பதில்லை. ஆஸ்பத்திரி சின்னது, பிரசவம் பார்க்க வசதி கிடையாது. நாள் நெருங்கியதும், இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கர்ப்பிணிகளை நார்வேக்கு அனுப்பிவிடுவார்கள். வயதான காலத்தில் வைத்துக் காப்பாற்றுவதற்கும் அங்கே ஏற்பாடு கிடையாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிற வரையில்தான் அங்கே இருக்கலாம். தள்ளாமை வந்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். செத்தவர்களைப் பெட்டியில் வைத்துப் புதைப்பதையும் 1950-ஐ ஒட்டி நிறுத்திவிட்டார்கள். உறைந்த மண் புதைத்ததை வைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடுகிறதாம். 1918-ல் விஷ ஜுரம் உலகத்தையே ஆட்டி வைத்தபோது, அங்கே வேலைக்கு வந்த ஏழு வாலிபர்கள் இறந்தார்கள். எண்பது வருஷம் கழித்து 1998-ல், அந்தக் கிருமி பனியில் கெடாமல் இருக்குமோ என்று விஞ்ஞானிகள் அவர்கள் சமாதியைத் தோண்டிப் பார்த்தார்கள். வெள்ளைச் சிலுவைகள் இன்றைக்கும் மலைச் சரிவில் நிற்கின்றன.

பிறப்பு இல்லை, மூப்பு இல்லை, மயானமும் பேருக்குத்தான். வருகிறவர்கள் சில வருஷம் சம்பாதித்துவிட்டோ, படித்துவிட்டோ திரும்பிவிடுவார்கள். எதிர் வீட்டுக்காரரின் அம்மாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் தாத்தா யார் என்று கேட்க ஒரு ஜீவன் இராது. ஐம்பதுக்கு மேற்பட்ட தேசத்து மனிதர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். ஓடுகிற ரயிலில் ஒரே பெட்டியில் உட்கார்ந்தவர்கள் போல!

அந்த ரயில் பெட்டி நாலு மாதம் சுரங்கப் பாதைக்குள் நுழைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அவர்களுடைய குளிர்காலம்.

அக்டோபர் 26-ஐ ஒட்டிச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவான். பிப்ரவரி நடுவிலேதான் மறுபடி தலை தூக்குவான். அவன் இல்லாவிட்டாலும் முதலில் சில வாரம் நடுப்பகலில் நீல வெளிச்சம் கொஞ்சம் இருக்கும். நவம்பர் நடுவில் அதுவும் போய்விடும். பிறகு ஜனவரி கடைசி வரையில் பகல் பன்னிரண்டு மணியும் நள்ளிரவு பன்னிரண்டு மணியும் ஒன்றுதான். பத்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தைகள் நட்சத்திரத்தின் கீழே விளையாடும். வடதுருவ ஜோதி என்று படித்திருப்பீர்களே, ஆகாயத்தில் பச்சைத் திரை ஆடுகிற மாதிரி, அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிற பாக்கியம் உலகத்தில் வெகு சில ஊர்களுக்குத்தான் உண்டு. இந்த ஊர் அதில் ஒன்று. அழகுதான். ஆனால் எத்தனை நாளைக்கு அழகையே பார்த்துக்கொண்டிருப்பது? வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி. சிலருக்குத் தூக்கம் வராது. சிலருக்குத் தூக்கமே கலையாது. நாம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கின மீன் எண்ணெயை அங்கே பெரியவர்கள்கூடத் தினம் ஒரு கரண்டி குடிக்கிறார்கள். அது உடம்புக்கு. மனசுக்கு?

அதற்குத்தான் போதகர் இருக்கிறார்.

நார்வே சபை லுத்தரன் சபை. நம்முடைய தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்கு ஐயரை அனுப்பி வைத்த நான்காம் பிரெடெரிக் அரசர் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்து ராஜா. ஆகவே ஒரு விதத்தில் பார்த்தால் இது நமக்குத் தெரிந்த குடும்பம்தான். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து லுத்தரன் வீடுகளில் 'போதகர்' என்றும் 'ஐயர்' என்றும் சொல்வார்கள். நானும் போதகர் என்றே சொல்கிறேன். ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நார்வே சபை 1961-லேயே ஒரு பெண்மணிக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. லாங்யியர்பியெனிலும் பெண்கள் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். சம்பளம், தேவாலயச் செலவு எல்லாம் நார்வே அரசாங்கத்தின் ஸ்வால்பார்ட் பட்ஜெட்டில் வருகிறது. காணிக்கைத் தட்டை நம்பினால் அந்த ஊரில் காப்பிப் பொடிக்குக்கூடக் காணாது!

தேவாலயம் மேற்குச் சரிவில், பழைய ஊர்ப் பக்கத்தில், சிவப்பு மரப் பலகைகளால் கட்டியது. அந்த வெள்ளைச் சிலுவைகளும் அந்தப் பக்கத்துச் சரிவில்தான். உள்ளே நுழைந்ததும் செருப்பை, மன்னிக்கவும், பூட்ஸைக் கழற்ற வேண்டும். இதைப் படித்துவிட்டு, "அட, நம்ம கோயில் மாதிரி!" என்பீர்கள். காரணம் வேறு. சுரங்கத்துக் கரிப்புழுதி காலோடு வீட்டுக்குள் வராமல் இருக்க அந்தக் காலத்தில் ஆரம்பித்த வழக்கம். மியூசியத்திலும் ஓட்டல்களிலும்கூட அப்படித்தான். கம்பளிக் காலுறையோடு மாடி ஏறினால் ஒரு பக்கம் ஆராதனைக் கூடம். அதை ஒட்டினாற்போலவே கணப்பு அடுப்பும் சோபாக்களும் புத்தகங்களும், பாடம் பண்ணிய ஒரு பனிக்கரடியுமாக ஒரு கூடம். மேஜையில் காப்பி, பிஸ்கோத்து. யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக் குடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் வாசல் கதவு. அதை இரவிலும் பூட்டுவதில்லை.

பாட்டி இல்லாத ஊர் என்றேன் அல்லவா? பாட்டியின் திண்ணை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராத ஒரு பெண், கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர், வேலை முடிந்து அறைக்குத் திரும்பப் பிடிக்காத ஒரு பையன், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். போதகர் இருந்தால் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். எந்த மதம் என்று கேள்வி கிடையாது. தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எப்போதாவது டிரோம்ஸோ நகரத்திலிருந்து கத்தோலிக்கக் குருவானவர் வந்து இதே கூடத்தில் பூசை வைத்துவிட்டுப் போகிறார்.

போதகரின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்றால், நம் வீட்டு நாள் மாதிரிதான், நச்சுப் பிச்சு வேலைகளாகவே இருக்கும். நெற்றியில் விளக்கு, மின்னுகிற பட்டை போட்ட மேல்சட்டை, வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் ஆணி. இந்த வேஷத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வந்த தம்பதிகளோடு ஒரு மணி நேரம். வாரத்தில் ஒரு மாலை, தேவாலயத்துக் கூடத்தில் வாஃபிள் சுடுவார்கள். கட்டம் கட்டமாக இருக்கும் தோசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்; மேலே ஜாம் தடவித் தின்பது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேதத்தில் அக்கறை இருக்கிறதோ இல்லையோ, வாஃபிளில் இருக்கிறது. அதனால் என்ன? நம் ஊரில் சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போகாதவர் யார்?

ஊர் எல்லையைத் தாண்டுவதென்றால் பனிக்கரடியை விரட்டச் சாதனம் இல்லாமல் போகக் கூடாது என்பது சட்டம். போதகருக்கும் அதில் விலக்கு இல்லை. வேதப் புத்தகம் ஒரு பையில், துப்பாக்கி ஒரு தோளில்! பனியில் ஓடும் ஸ்கூட்டரில் போய்ப் பனிக் குகையில் கல்யாணம் செய்துவைப்பதும் உண்டு. அப்படிக் கல்யாணம் செய்துகொள்வதற்கென்றே வெளியூரிலிருந்து ஜோடிகள் வருகிறார்கள். பட்டுப்புடவைக்கு மேல் ரஜாய் போர்த்துக்கொண்ட மணப்பெண்ணை நினைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ மாப்பிள்ளையைவிட அந்தப் போதகரிடம்தான் அனுதாபம்.

அந்தக் காலத்துப் போதகர்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொகுசு. 1916-ல் ஸ்டோர நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனி அமெரிக்கர்களிடமிருந்து சுரங்கத்தை வாங்கியது. ஊரே கம்பெனியின் சொத்து. கடை கம்பெனியுடையது, காசு நோட்டுகூடக் கம்பெனி அச்சடித்ததுதான். 1920 ஜனவரியில் முதலாம் சுரங்கம் வெடித்து 26 பேர் மாண்டார்கள். அந்த வருஷம்தான் முதல் போதகர் வந்து சேர்ந்தார். வாத்தியார் வேலையும் அவர் தலையில்தான். 1921-ல் தேவாலயம் எழும்பிற்று. 1943 செப்டம்பரில் ஜெர்மன் யுத்தக் கப்பல்கள் ஊரைச் சுட்டுப் பொசுக்கியபோது அதுவும் சாம்பலாயிற்று. இப்போது இருப்பது 1958-ல் பிரதிஷ்டை செய்தது.

விமான நிலையம் 1975-ல்தான் வந்தது. அதற்கு முன்னெல்லாம் குளிர்காலம் தொடங்கிக் கடைசிக் கப்பல் போய்விட்டால், கடல் இளகி வசந்தத்தில் முதல் கப்பல் வரும் வரையில் வெளியுலகத்தோடு ஒழுங்கான போக்குவரத்து இல்லை. சாதாரணத் தொழிலாளிகளுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வர இடம் கிடையாது. ஊரில் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், நூற்றுக்கணக்கான ஆண்பிள்ளைகள் இருட்டிலே சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டிலே ஏறி வந்தார்கள். அவர்களிடம் போதகர் என்ன பிரசங்கம் செய்திருப்பார் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு எழுதினாயா?" என்று கேட்டிருந்தாலே போதும்.

டிசம்பர் வந்ததும் ஊரின் முகம் மாறுகிறது. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கையில் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போவார்கள். பழைய சுரங்கம் ஒன்று மலையில் இருக்கிறது. கைவிட்டு வெகு நாளாயிற்று. அந்த மாதம் மட்டும் அதில் விளக்கு எரியும். கிறிஸ்மஸ் தாத்தா அங்கேதான் குடியிருக்கிறார் என்பது குழந்தைகளின் நம்பிக்கை. மலையடியில் ஒரு தபால் பெட்டி. அதில் பொம்மைக்கும் சாக்லேட்டுக்கும் மனுப் போடுவார்கள். பாட்டி இல்லாத ஊரில் தாத்தாவுக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது பாருங்கள்!

வீடுகளில் ஏழு தினுசு பட்சணம் செய்ய வேண்டும் என்று நார்வேயில் சாஸ்திரம். ஏழு தினுசு பிஸ்கோத்து. நாம் தீபாவளிக்கு மாவு இடிக்கிற மாதிரி அவர்கள் வெண்ணெய் உருக்குகிறார்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, வெண்ணெய், சர்க்கரை, பட்டைப் பொடி தூவிச் சாப்பிடுவார்கள். பால் பாயசத்துக்கு மச்சினி உறவு. அதற்குள் தோல் உரித்த பாதாம் பருப்பு ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பாதாம் அல்வாவில் செய்த பன்றிக் குட்டி பரிசு. பால், முட்டை, கீரை எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். காற்றும் பனிப்புயலும் விமானத்தை நிறுத்திவிட்டால் கடை அலமாரி காலி. பாதி தினுசோடு பண்டிகை.

போதகருக்கு அப்போது மூச்சுவிட நேரம் இராது. கவர்னரின் ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டு தபாலும் பட்சணமுமாக ஒதுக்குப்புறத்து முகாம்களுக்குப் போய் வருவது நெடுநாள் வழக்கம். ஹோபென் என்று ஒரு தீவு. அங்கே வானிலை பார்க்க நாலே நாலு பேர் இருக்கிறார்கள். ஹோர்ன்சுந்தில் போலந்துக்காரர்கள் 1957-ல் அமைத்த ஆராய்ச்சி நிலையம். இன்னும் வடக்கே நியூ ஓலெசுந்த். அங்கே நம் நாட்டின் 'ஹிமாத்ரி' நிலையம்கூட இருக்கிறது; 2008-ல் திறந்தார்கள். 2023 டிசம்பரில் முதன்முதலாக நம் விஞ்ஞானிகள் அங்கே குளிர்காலத்திலும் தங்கினார்கள். நாலு பேர் இருக்கிற தீவில் என்ன பெரிய ஆராதனை நடக்கப் போகிறது? ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு கோப்பை காப்பி. கீழே இறங்கிவந்து யாரோ கை குலுக்கினார்கள் என்பதுதான் அங்கே விசேஷம்.

இதுவரையில் திறந்திருக்கும் கதவைப் பற்றிச் சொன்னேன். போதகர் தட்டுகிற கதவு ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

நார்வேயில் யாராவது விபத்தில் இறந்துவிட்டால், அந்தச் செய்தியைக் குடும்பத்தாருக்குச் சொல்லப் போலீஸார் போதகரைத்தான் கூப்பிடுவது வழக்கம். தந்தி இல்லை, டெலிபோன் இல்லை. நேரில் போய்க் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய நகரத்தில் அந்தப் போதகரை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். லாங்யியர்பியெனில் அப்படியா? நேற்றுத்தான் அவர் கையால் வாஃபிள் வாங்கித் தின்றிருப்பார்கள். கடையில் வெங்காயம் பொறுக்கும்போது பக்கத்தில் நின்றிருப்பார். அவர் நேரம் கெட்ட நேரத்தில் வாசலில் வந்து நின்றால், வாய் திறக்குமுன்பே புரிந்துவிடும். சொல்லிவிட்டு அவரும் எங்கேயும் போய்விட முடியாது. மறு நாளும் அதே கடை, அதே தெரு. கேட்ட ரகசியம் எதையும் வெளியில் விடக் கூடாது என்று சபையின் கட்டளை வேறு. இத்தனையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சூரியன் இல்லாத நாலு மாதத்தைத் தள்ள வேண்டும்.

2015 டிசம்பர் 19. சனிக்கிழமை. முதல் நாள் இரவெல்லாம் பேய்க்காற்று. காலை பத்து மணிக்கு மேல், வழக்கமான இருட்டில், பட்டணத்தை ஒட்டி நிற்கும் மலையிலிருந்து பனிச் சரிவு பெயர்ந்து இறங்கிற்று. சர்க்கரைச் சிகரம் என்று அந்த மலைக்குப் பெயர். பதினோரு வீடுகளை அடியோடு பெயர்த்துத் தள்ளிவிட்டது. கட்டைக் கால்களின் மேல் நின்ற வீடுகள் அல்லவா? கிறிஸ்மஸ் மரம் ஜோடித்து, ஏழு தினுசில் நாலு தினுசு செய்து டப்பாவில் அடைத்து வைத்திருந்த வீடுகள். சத்தம் கேட்டவர்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் தோண்டினார்கள். பெயர் தெரியாதவர்களுக்காக, பாஷை புரியாதவர்கள் தோண்டினார்கள். பலரை உயிரோடு எடுத்தார்கள். ஒரு மனிதரையும், ஒரு சின்னஞ்சிறு குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை.

ரயில் பெட்டி என்று மேலே சொன்னேன். அன்றைக்கு அது பொருந்தவில்லை.

ஐந்தே நாளில் கிறிஸ்மஸ் முந்தின மாலை. வருஷம் முழுதும் தேவாலயப் பக்கம் எட்டிப் பாராதவர்கள்கூட நார்வேயில் அன்று சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு குழந்தை பிறந்த கதையை, ஒரு குழந்தையை இழந்த ஊருக்குச் சொல்ல வேண்டும். ஐந்து நாளும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து அந்தப் பிரசங்கத்தை எழுதியவருக்கு எவ்வளவு காகிதம் கிழிந்திருக்கும் என்று நினைக்கையில் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

2017 பிப்ரவரியில் மறுபடி ஒரு சரிவு. அந்தத் தடவை உயிர்ச் சேதம் இல்லை. குளிர்காலத்தில் மழை பெய்வதும் பனி இளகுவதும் அங்கே அதிகமாகி வருகிறது. உலகத்தில் மிக வேகமாகச் சூடேறும் இடங்களில் இந்தத் தீவுகளும் சேர்த்தி. மலையடியில் நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் காலி பண்ணி, பனியைத் தடுக்கச் சரிவில் வேலிகளும் அணையும் கட்டியிருக்கிறார்கள். எதற்காக ஊர் பிறந்ததோ அந்த நிலக்கரியும் போயிற்று. 2025 ஜூன் 30-ந் தேதி, ஏழாம் சுரங்கம், நார்வேக்காரர்களின் கடைசிச் சுரங்கம், மூடப்பட்டது. கரிப்புழுதி இல்லாத ஊரிலும் வாசலில் பூட்ஸ் கழற்றுவதை மட்டும் விடவில்லை.

பிப்ரவரி நடுவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டாலும், சுற்றி மலைகள் மறைப்பதால் ஊருக்குள் எட்டிப் பார்ப்பது மார்ச் 8-ந் தேதிதான். தேவாலயத்துக்குப் பக்கத்தில் பழைய ஆஸ்பத்திரியின் மரப்படிகள் மட்டும் இருக்கின்றன, கட்டிடம் போய்விட்டது. அன்று பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னால் ஊரே அங்கே கூடிவிடும். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு, காகிதத்தில் கதிர் வெட்டித் தலையில் கட்டிக்கொண்டு, "சூரியனே வா, சூரியனே வா" என்று கத்துவார்கள். சரியாக அந்தப் படியின் மேல் முதல் வெளிச்சம் விழ வேண்டும். சில வருஷம் விழும். சில வருஷம் மேகம் மூடிவிடும்; அப்போதும் கத்துவார்கள்.

அதன் பிறகு பகல் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போல வளர்ந்துகொண்டே போகும். ஏப்ரல் 20 வந்ததோ இல்லையோ, நாலு மாதத்துக்கு அஸ்தமனமே கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாகக் கண்ணைக் குத்தும். கறுப்புத் திரையைப் போட்டு மூடிக்கொண்டு, "இந்தச் சூரியனால் தூக்கமே இல்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்தப் புகாரையும், கம்பளிக் காலுறையோடு மாடி ஏறி, காப்பியை ஊற்றிக்கொண்டு, போதகரிடம்தான் சொல்வார்கள்.